பச்சைத் துரு

விமானத்தின் புகைக்குழாய்க்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். கம்பளை ரெயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. ரெயில் தாமதமான ஒரு பிற்பகல், டீ குடிக்கலாம் என்று உள்ளே நுழைந்தேன். ரோல்ஸும் பட்டிஸும் அடுக்கிய கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிளாஸ்டிக் விமானம் நின்றது. உள்ளங்கை அளவுதான். பழைய காலத்துப் போர் விமானம். மூக்கின் ஒவ்வொரு பக்கத்திலும் ஆறு குட்டிப் புகைக்குழாய்கள். பன்னிரண்டுக்கும் பளபளவென்று கறுப்பு. டீ கேட்பதற்கு முன்பே என் வாய் திறந்துவிட்டது.

"இந்தக் கொழாயெல்லாம் கறுப்பா இருக்காதுங்க நானா."

காசு மேசையில் இருந்த முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், தலையில் வெள்ளைத் தொப்பி. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்ப என்ன நெறத்துல ஈக்கும்?"

"ஒங்க குசினியில கேஸ் அடுப்பு இருக்குமே, அதுல ஒரு சில்வர் கரண்டியப் புடிச்சுப் பாருங்க."

வேறொருவராக இருந்தால் டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொல்லியிருப்பார். இவர் எழுந்து குசினிக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கரண்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தார். கரண்டியின் நுனியில் நீலம், அடுத்து நாவல் நிறம், அடுத்து பழுப்பு, காம்புப் பக்கம் வைக்கோல் மஞ்சள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் அதைக் காட்டினார். நான் அந்த ரெயிலை விட்டேன், அடுத்த ரெயிலையும் விட்டேன்.

அப்படித் தொடங்கியது. அவருடைய மச்சான் ஒருவர் கட்டாரிலிருந்து வரும்போதெல்லாம் விமானப் பெட்டிகள் கொண்டுவருவார். துண்டு துண்டாக இருக்கும் பிளாஸ்டிக்கை ஒட்டி, பெயின்ட் அடித்து, நிஜமாகவே பறந்து களைத்த விமானம் மாதிரி ஆக்குவதுதான் விளையாட்டு. ஐம்பதை நெருங்கிய ஆண்கள் இரண்டு பேர் இதைச் செய்வது ஊருக்குச் சிரிப்பு. அவருடைய மகள்கூட, "வாப்பாட பொம்மைக் கூட்டாளி வந்தீக்காங்க" என்றுதான் என்னை மாடிக்கு அனுப்புவாள். அவருக்கு மனைவி இல்லை, காலமாகிச் சில வருடம். ஒரே மகள், கடையில் அவருக்குத் துணை.

நான் அம்பிட்டியவில் குடியிருக்கிறேன். பிறந்தது தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில். கண்டி டவுனில் ஓர் அச்சகத்தில் மை கலப்பது என் வேலை. கலியாணக் கார்ட்டின் சிவப்பு, தேயிலைப் பக்கெட்டின் பச்சை, எதைக் கொண்டுவந்து காட்டினாலும் கண்ணால் பார்த்தே கலந்து கொடுப்பேன். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நானா அதைத் தூக்கித் தலையில் வைத்து ஆடுவார். "மெஷின் பிழை விடும், தம்பிட கண் பிழை விடாது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் பஸ் ஏறி கம்பளைக்குப் போவேன். உடம்பு என் வேலை, புகைக்குழாய் அவர் வேலை என்று பிரித்துக்கொண்டோம். விமானத்தின் உடம்பை நான் வீட்டில் வைத்து ஒட்டி, பெயின்ட் அடிப்பேன். புகைக்குழாய்களை அவர் ஒவ்வொன்றாக ஈர்க்கு நுனியில் செருகி, வாழைத்தண்டுத் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துக்கொண்டு தன் மாடி அறையில் அடிப்பார். முதலில் துருப் பழுப்பு. காய்ந்ததும் தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சம் இருக்கும் இரும்பு நிறத்தை விளிம்புகளில் மட்டும் தேய்ப்பார். அதன் மேல் தண்ணீராகக் கரைத்த மஞ்சள், நாவல், நீலம், ஒவ்வொன்றும் ஒரு மூச்சு அளவுக்கு. கடைசியில் வாய்ப்பக்கம் சாக்பீஸ் தூளில் கொஞ்சம் சாம்பல். நான் சொல்லிக் கொடுத்தது முதல் வாரம் மட்டும். ஒரு வருடத்தில் அவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். ஆறு குழாய்க்கும் ஆறு விதமாக அடிப்பார். முன்னால் இருப்பது ஒரு மாதிரி வெந்திருக்கும், பின்னால் இருப்பது வேறு மாதிரி. ஈர்க்கோடு அவற்றை நான் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்தி, முடிந்த விமானத்தை அடுத்த ஞாயிறு கொண்டுவந்து கொடுப்பேன். அது கண்ணாடி அலுமாரிக்குப் போகும்.

நடுவில் ஒரு சண்டை. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் விளங்காது. ஒரு நோன்பு மாதம் முழுக்க அவர் தனியாக ஒரு ஜெட் விமானம் செய்தார், எனக்குக் காட்டாமல். பெருநாள் கழித்துப் போனபோது, கடை நிறைய ஆட்கள் இருக்கும் நேரத்தில் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பின்பக்கம் நெருப்புக் கக்கும் வாயில் நீலம் அதிகம். அப்பியிருந்தது. "மூணாம் வகுப்புப் புள்ள செஞ்ச வேலையா இருக்கு" என்றேன். மகளும் நின்றாள். அவர் விமானத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இரண்டு மாதம் போன் இல்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் இருந்த சிநேகிதர்களை எல்லாம் விரட்டியதுதான் மிச்சம். மனைவி சொன்னாள்: "நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா ஒங்க சொத்தா போயிரும்? அந்த மனுஷனுக்கு இருக்கிறதே இந்த ஒரு ஆச." நானே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பிளேன்டீ வைத்தார், அத்தோடு முடிந்தது. இனி இந்த மனிதரின் வேலையில் குறை சொல்வதில்லை என்று எனக்குள் முடிவெடுத்தேன். நான் எடுத்த முடிவுகளில் கடைசிவரை காப்பாற்றியது இது ஒன்றுதான்.

போன வருடம் அவர் மெலியத் தொடங்கினார். சட்டைக் கொலர் கழுத்தைச் சுற்றித் தொங்கியது. கேட்டால், "கேஸ்ட்ரைட்டிஸ் தம்பி, மருந்து குடிக்கிறேன்" என்பார். நம் ஊரில் கேஸ்ட்ரைட்டிஸ் இல்லாதவன் யார்? நானும் விட்டுவிட்டேன். இன்னொரு மாற்றமும் வந்தது. முன்பெல்லாம் ஈர்க்குகளைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்கமாட்டார்; அவருக்கே தெரியும். இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார்.

"நெறம் சரியா தம்பி? நல்லாப் பாத்துச் செல்லுங்க."

சரி என்பேன். மறுபடியும் கேட்பார். சண்டையின் காயம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு ஞாயிறு, துரு பச்சையாக இருந்தது. முதலில் டியூப் லைட்டைச் சந்தேகப்பட்டேன். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பச்சைதான். சாக்கடைக் கானில் படியும் பாசி நிறம். அவர் நிறங்களைத் தானே கலப்பார், போத்தல் மூடிகளில். பேரெழுதிய டப்பா எதுவும் கிடையாது. பழுப்பு கலக்கப் போய்ப் பச்சை கலந்திருக்கிறார், அதுவும் பன்னிரண்டு குழாய்க்கும். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கதிரை நுனியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

"நல்லா இருக்கு நானா."

"நெறம்?"

"நெறமும் சரிதாங்க."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். ஒரு பெயின்ட் வேலைக்கு இவ்வளவு பெரிய மூச்சா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, பன்னிரண்டு குழாயையும் தின்னரில் கழுவி, முதலிலிருந்து நானே அடித்தேன். அவர் கை மாதிரியே அடித்தேன், ஆறுக்கும் ஆறு விதம். அடுத்த ஞாயிறு முடிந்த விமானத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வித்தியாசம் எதையும் சொல்லவில்லை. "சரியாத்தான் வந்தீக்கி" என்றார். எனக்கு என் மேலேயே மரியாதை வந்தது. கோபக்காரன் கடைசியில் மனுஷனாகிவிட்டேன் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். இதை எழுத இப்போது கை கூசுகிறது.

அதற்கடுத்த வாரம் நாவல் நிறம் இல்லவே இல்லை. மஞ்சளிலிருந்து நேராக நீலம். அதற்கடுத்த வாரம் சாம்பலில் சிவப்பு. ஆறு ஞாயிறு, ஆறு பொய். ஆறு தடவையும் வீட்டில் உட்கார்ந்து கழுவினேன், அடித்தேன். எனக்குத் தோன்றாமல் இல்லை. கண்ணாடி மாற்றவேண்டிய வயசு, மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், மனசு அதில் இருக்கும் என்று நானே காரணம் கண்டுபிடித்தேன். ஒரு தடவை, "கண்ண ஒருக்காக் காட்டுங்களேன் நானா" என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் வேலை பிடிக்கவில்லை என்று அர்த்தமாகும். விழுங்கிவிட்டேன். நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். அச்சகத்தில் ஒரு கார்ட்டின் மூலையில் பச்சை ஒரு துளி கூடினால் மெஷினை நிறுத்தச் சொல்லிக் கத்துகிறவன்.

ஏழாவது வாரம், வியாழக்கிழமை, அச்சகத்துக்கு அவருடைய மகள் போன் எடுத்தாள். வாப்பா ஒரு ஆளுக்கு டீ ஊற்றும்போது கிளாஸுக்கு வெளியே ஊற்றிவிட்டார். அந்த ஆள் ஏசியிருக்கிறார். அப்போதுதான், "எனக்குக் கிளாஸ் தெரியல்ல மகள்" என்று சொன்னாராம். ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் போகும்போது பரிசோதனைக்குக் கொண்டுபோயிருந்தார்கள், பார்க்க முடியவில்லை. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆறாவது விமானத்தையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு போனேன், மகள் அதை வாங்கி அலுமாரியில் வைத்தாள்.

மாடி அறையில் அதே கதிரையில் இருந்தார். என் பக்கம் திரும்பினார், ஆனால் என் தோளுக்கு மேலே எங்கேயோ பார்த்தார். நடுவில் ஒரு பெரிய சாம்பல் பொட்டு, அதைச் சுற்றி ஓரங்களில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது என்றார். நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். மகள் கீழே போகும் வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு இருந்தது கேஸ்ட்ரைட்டிஸ் இல்ல தம்பி. டீபி."

முன்பே ஒரு தடவை வந்து, மருந்தைப் பாதியில் விட்டிருக்கிறார். இரண்டாவது தடவை வந்ததால் நீண்ட காலம் மருந்து. யாருக்கும் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடை முதலாளிக்கு டீபி என்று தெரிந்தால் யார் அந்தக் கடையில் டீ குடிப்பார்கள்? மகளின் சம்பந்தமும் நின்றுபோகும். எனக்கும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் வராமல் விட்டுவிடுவேன் என்று பயமாம்.

"அந்த மருந்துக் குளிசையில ஒண்டு சிலருக்குக் கண் நரம்பப் புடிக்குமாம். கிளினிக்ல மொத நாளே டொக்டர் சென்னாரு. நெறம் மாறித் தெரிஞ்சா ஒடனே ஓடி வாங்க, குளிசைய நிப்பாட்டினாக் கண் திரும்ப வந்துரும், சுணங்கினாத்தான் கஷ்டம் எண்டு. ஒவ்வொரு மாசமும் கேட்டாரு. கண் கிளினிக்குக்கும் துண்டு தந்தாரு. அங்க போனா ஒரு நாள் முழுக்க லைன்ல நிக்கணும், கடைய யார் பாக்கிற? நான் போகல்ல."

கையால் தடவி என் தோளைத் தொட்டார்.

"எனக்கென்ன பயம்? எனக்குத் தொணைக்கு நீங்க ஈந்தீங்க. நெறம் பாக்கிறதுல ஒங்களுக்கு மேல யாரு? நான் பிழையா அடிச்சா மொகத்துல அடிச்ச மாதிரி செல்லுற ஆள் நீங்க. அதான் ஒவ்வொரு கிழமையும் கேட்டேன்."

அவரே தொடர்ந்தார்.

"டொக்டர் நம்புறாரில்ல. கிழமைக் கணக்கா நெறம் மாறித் தெரிஞ்சீக்கணும் எண்டாரு. இல்லவே இல்ல டொக்டர், போன ஞாயித்துக்கிழமகூட என்ட நெறம் சரியா ஈந்திச்சு, பாத்துச் சொன்ன ஆள் ஈக்கிறாரு எண்டேன். அஞ்சு நாளுக்குள்ள திடீரெண்டு வந்ததுண்டு எழுதிட்டாரு. அஞ்சு நாளுண்டா நல்லது தம்பி. கண் வந்துரும்."

அன்றைக்கு நான் சொல்லாமல் வந்துவிட்டேன். கோழை. கடையில் மகள் டீ தந்தாள், அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சொல்லி என்னங்க ஆகப்போவுது? அவருக்குக் கண்ணு வந்துருமா?"

"டொக்டர் தப்பா எழுதி வெச்சிருக்காரு. என்னாலதான்."

"அப்ப சொல்லிருங்க" என்றாள். பிறகு, "வாய மூடுங்கன்னு நான்தானே சொன்னேன்" என்று அழுதாள். அவள் மேல் என்ன பிழை? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். பச்சையைப் பழுப்பு என்று சொல்லும்படி அவள் சொல்லவில்லை. அந்த ஒரு கிழமை அச்சகத்தில் இரண்டு வேலையைக் கெடுத்தேன்.

அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. "நானா, நான் ஒங்களுக்குப் பொய் சொன்னேங்க. நெறம் சரியா இல்ல. நான் வீட்டுல கொண்டு போயி எல்லாத்தையும் கழுவிட்டு நானே அடிச்சேன்."

அவர் முகம் உடனே மாறவில்லை. நான் சொன்னதை அவர் மெதுவாகத்தான் உள்ளே வாங்கினார்.

"எத்தின கிழமை?"

"ஆறு."

"ஆறு கிழமை" என்றார். மடியில் இருந்த கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார், ஆறாவதுக்கு மற்றக் கை. "மொதல்ல எது பிழைச்சது?"

"துருங்க. பச்சையா இருந்திச்சு."

"பச்சை" என்றார். "எனக்கு அது நல்ல பழுப்பாத் தெரிஞ்சது தம்பி. வடிவா வந்தீக்குண்டு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். காலைத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டார், கோபத்தில் அல்ல, அப்படித் தொடுவது அவர்களுக்குக் கூடாது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"அந்த ஆறும் கீழ அலுமாரிலதானே ஈக்கி?"

"ஆமாங்க."

"சம்பந்தம் பேச வந்தவங்களுக்கு அதத்தான் காட்டினேன். என்ட கைவேலையெண்டு."

அதற்குப் பிறகு, "நீங்க இப்ப போங்க தம்பி" என்றார். குரல் உயரவில்லை. நான் எழுந்து போனேன்.

மகளுக்கும் எல்லாம் தெரிந்து, டொக்டரிடம் ஆறு கிழமை என்று அவள்தான் போய்ச் சொல்லியிருக்கிறாள். டொக்டர் தலையை ஆட்டினாராம். சிலருக்கு மெல்ல மெல்லத் திரும்பும், ஒரு வருடம்கூட எடுக்கும் என்றாராம். இந்த மாதத்தோடு எட்டு மாதம். திரும்பவில்லை. சம்பந்தம் நின்றுபோனதா, மகளே வேண்டாம் என்றாளா தெரியாது. கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். அலுமாரியின் மேல்தட்டில் பழைய விமானங்கள் எல்லாம் இருக்கின்றன, நான் அடித்த ஆறையும் காணவில்லை. நான் புகைக்குழாய் அடித்து எட்டு மாதமாகிறது. தூரிகையை எடுத்தால் அவர் கதிரை நுனியில் இருந்து என் முகத்தைப் பார்ப்பது தெரிகிறது. அவர் பார்த்துக்கொண்டிருந்தது பெயின்ட் சரியா என்று அல்ல. தன் கண் இருக்கிறதா போகிறதா என்று. அதற்கு நான் ஆறு தடவை சிரித்த முகம் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் போகிறேன். மகள் படிக்கட்டில் நின்று, "வாப்பா தூங்குறாங்க அங்கிள்" என்பாள். பிற்பகல் நான்கு மணி, மேலே ரேடியோ கேட்கும். அவள் கண்ணை நான் பார்ப்பதில்லை, அவளும் என் கண்ணைப் பார்ப்பதில்லை. "எழும்பினா நான் வந்தேன்னு சொல்லுங்க மகள்" என்றுவிட்டுத் திரும்புவேன்.

போன ஞாயிறு படியில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கம்பளை மழை, கூரைத் தகரத்தில் கல்லடி. மகள் வழக்கமான பொய்யைச் சொல்லி முடித்திருந்தாள். நான் திரும்பினேன். மேலே ரேடியோ நின்றது.

"மகள்" என்று அவர் குரல். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். "அவர் போயிட்டாரா?"

மகள் என்னைப் பார்த்தாள். "இல்ல வாப்பா. நிக்கிறாங்க."

மேலே வரச் சொல்வார் என்று நினைத்தேன். என் கை தானாகவே படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"குடையக் குடுத்து அனுப்புங்க" என்றார். "நனைஞ்சிருவாரு."

மகள் உள்ளே போய் அவருடைய கறுப்புக் குடையைக் கொண்டுவந்து தந்தாள். வாங்கிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதை விரிக்காமலே நடந்தேன். அவர் என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம்.